இடது சுண்டுவிரல்

காலை ஆறேகாலுக்கு
ஆலை வாசலில் பச்சை விளக்கெரியும் அந்தப் பெட்டி
என் கட்டைவிரலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறது:
மீண்டும் முயலுங்கள்.
கால்சட்டையில் துடைத்து, வாயால் ஊதி
மறுபடி வைக்கிறேன்.
மீண்டும் முயலுங்கள்.
பின்னால் வரிசை.
ரப்பர் பூட்ஸுகள் பொறுமையிழந்து தரையைத் தட்டுகின்றன.
ஒன்பது வருடமாய் இங்கே நண்டு உடைக்கிறேன்,
யெர்கா மிஹோவிலோவிச் என்றால் காவல்நாய்க்கும் தெரியும்.
பெட்டிக்குத்தான் தெரியவில்லை.

மார்ச் மாதச் சம்பளச் சீட்டில்
நான்கு நாள் வரவில்லை என்றிருந்தது.
அந்த நான்கு நாளும்
உப்புத் தண்ணீரில் மணிக்கட்டுவரை நின்றவள்
வேறு யாரோ.

புன்டா அரேனாஸில்
காற்று பலத்தால் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
நான் பிடித்துவிட்ட இடத்தில்
மெல்லியதாய் ஒரு சிவப்புக் கோடு இருக்கும்.
"காற்று. எல்லாருக்கும்தான் வெடிக்குது" என்றான் நெல்சன்.
இரண்டு குளிர்காலம் காற்றின்மேல் பழிபோட்டேன்.
அப்புறம் சோப்பின்மேல், கையுறையின்மேல்,
ஒன்றும் அறியாத நண்டின்மேல்.
குதிகால் வெடிப்பு படுக்கை விரிப்பின் நூலை இழுத்தது.
புருவத்தின் கடைசிப் பகுதி
இரு பக்கமும் சொல்லாமல் போய்விட்டது.
புது நாகரிகமா என்று கேட்டாள் பக்கத்து மேசைக்காரி.
ஆமாம் என்றேன்.

வெட்கங்கெட்டவளைத் தோல் தடித்தவள் என்பார்கள்.
எனக்குத் தடித்துத்தான் போயிருந்தது,
ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் உள்ளே போய்த் தைத்தது.

மருத்துவர் ஒயர்சூனிடம் கையைக் காட்டினேன்.
அவர் கழுத்தைப் பார்த்தார்.
ஒரு மிடறு தண்ணீர் விழுங்கச் சொன்னார்.
இன்னொரு மிடறு.
பட்டாம்பூச்சி மாதிரி இருக்குமாம் அந்தச் சுரப்பி,
படம் வரைந்து காட்டினார்.
இந்த ஊர்க் காற்றில்
பட்டாம்பூச்சி எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும், டாக்டர்?
அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

விடியுமுன் வெறும் வயிற்றில்
அரிசிமணி அளவு மாத்திரை.
பிறகு அரைமணி நேரம்
மாத்தே கெண்டியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது.
ஆறு வாரத்துக்கொருமுறை ரத்தம்.
ஜூலையில் எண் இறங்கியது.
நல்ல செய்தி என்றார்கள்.
தோலுக்கு எண் படிக்கத் தெரியாது.

மாரிசெல் ஒரு மயோனைஸ் குப்பி கொண்டுவந்தாள்,
அவள் அண்ணன் ரோமம் கத்தரிக்கும் கொட்டகையிலிருந்து
வடித்தெடுத்த மஞ்சள் பிசுக்கு.
"அவன் கையைப் பாரு, குழந்தைக் கன்னம்."
இரவில் பூசிக் காலுறை மாட்டிப் படுத்தேன்.
"கட்டிலில் ஆடு நிற்கிறது" என்று
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான் நெல்சன்.
ஐந்தாவது இரவோ ஆறாவதோ,
குனிய முடியாமல் நான் உட்கார்ந்திருந்தபோது
குப்பியை வாங்கி
என் குதிகாலை மடியில் வைத்துக்கொண்டான்.
எதுவும் பேசவில்லை.
தொலைக்காட்சியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது,
கோல் விழுந்ததைக்கூட அவன் பார்க்கவில்லை.

செப்டம்பரில்
அலுவலகப் பையன் யோனத்தான்
என் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பெட்டியில் வைத்துப் பார்த்தான்.
வலது ஐந்தும் இல்லை.
இடது கட்டைவிரல் இல்லை, ஆள்காட்டி இல்லை.
நடுவிரலை வைத்தபோது இருவரும் சிரித்துவிட்டோம்.
கடைசியில் இடது சுண்டுவிரல்:
விளக்கு எரிந்தது.
எந்த வேலைக்கும் உதவாததால்
ரேகையோடு தப்பித்த விரல்.
"இனிமே இதுதான் நீங்க, சென்யோரா."

இப்போது காலையில் ஒன்பது விரலுக்குத்தான் பூச்சு.
பிசுக்குப் பட்டால் பெட்டி மறுபடி மறந்துவிடும்.
இன்று கயிறு கட்டியிருந்தார்கள்.
இரண்டு கையாலும் பற்றி,
கோடீஸ்வரி தேநீர்க் கோப்பை ஏந்துவதுபோல்
ஒற்றை விரலை மட்டும் உயர்த்தியபடி
பாதி புருவத்தோடு நடந்தேன்,
ஆட்டு வாடை எனக்கு முன்னால் தெருமுனை திரும்பியது.